பெரிய கணினி ஏன் உம் கொட்டுகிறது

அந்தக் காலத்தில் இயந்திரங்களும் வாய் திறந்து பேசும். தையல் மெஷின் ஊர்வம்பு பேசும். மாவு மில் விடிந்ததும் விடியாததுமாகக் கத்தும். ஆனால் மெயின்பிரேம் என்ற பெரிய கணினியைப் போலப் புலம்பியது எதுவும் கிடையாது. பாவம், புலம்பாமல் என்ன செய்யும்!

ஊர் உலகத்தில் ஜனங்களை எண்ணி மாளவில்லை என்றுதான் மனிதர்கள் அதை உண்டாக்கினார்கள். ஒரு அறையையே அடைத்துக்கொண்டு பிறந்தது. எண்ணி முடித்ததும் விட்டார்களா? கரண்ட் பில் போடு, பரீட்சை மார்க்கைக் கூட்டு, பேங்க் கணக்கைப் பார் என்று சுமையை ஏற்றிக்கொண்டே போனார்கள். கடைசியில் ரயில் டிக்கெட்டும் வந்து சேர்ந்தது. எந்த ஊர் கவுண்டரில் யார் கேட்டாலும், எந்த பெர்த் காலி என்று அதுதான் சொல்லவேண்டும்.

அதைப் பார்த்துக்கொண்டவள் ஜெபராணி. அன்றைக்கு அவளுக்கே இருப்புக் கொள்ளவில்லை. நிறைமாதத் தங்கை எஸ்தர், மாலை வண்டியில் பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறாள். நல்லவேளை, கீழ் பெர்த் கிடைத்திருந்தது.

மதியம் கணினி கெஞ்சியது. “அக்கா, கண்ணைச் சுத்துது. கொஞ்ச நேரம் தூங்கிக்கிறேனே?”

“ஐயோ! கவுண்டர்ல கூட்டம் நெரியுது. உன்னைக் கேக்காம அவங்க என்ன செய்வாங்க?”

“பொறந்ததுலேர்ந்து நான் கண்ணை மூடினதே இல்லக்கா.”

ஜெபராணிக்கு மனசு கேட்கவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டாள்.

அவ்வளவுதான். கவுண்டர்களில் ஒரே கூச்சல். “டிக்கெட் தர்றீங்களா இல்லையா?” என்று ஜனங்கள் நெருக்க, ஒவ்வொரு ஊர் கவுண்டர்காரரும் கையாலேயே டிக்கெட் எழுதிக் கொடுத்துவிட்டார். எது ஏற்கெனவே விற்றது என்று யாருக்குத் தெரியும்? மாலை வண்டியில் எஸ்தரின் பெர்த்துக்கு இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

“என் டிக்கெட் மட்டும் என்ன பொய்யா?” என்று அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்க, எஸ்தர் கதவோரம் தரையில் உட்கார்ந்தாள். வண்டி குலுங்கியது. வலி கண்டுவிட்டது. பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடிக்க, அந்தக் கதவோரத்திலேயே குழந்தை பிறந்தது. கடவுள் புண்ணியம், தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

சேதி கேட்டு ஓடிவந்த ஜெபராணி, கணினியைத் தட்டி எழுப்பினாள். “என் தங்கச்சி தரையில கிடந்து பெத்தாளே! உன் மேல இரக்கப்பட்டு அவளைக் கைவிட்டுட்டேனே!”

கணினி சத்தியம் செய்தது. “இனிமே தூங்கவே மாட்டேன்க்கா.”

“நீ முழிச்சிருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்? கதை கேக்குற பிள்ள தூங்கலைன்னு காட்ட உம் கொட்டுமே, அதுமாதிரி உம் கொட்டிக்கிட்டே இரு!”

“ம்ம்ம்…” என்றது கணினி.

அன்று முதல்தான் அது வேறு பேச்சையெல்லாம் விட்டுவிட்டது. அது இருக்கிற அறைக்கதவில் காதை வைத்துப் பாருங்கள், இன்றைக்கும் உம் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ‘போதும், தூங்கு’ என்று சொல்லத்தான் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.