பேச்சு நின்றால் கேட்கும் சத்தம்

ஆறு கடலில் கலக்கும் இடத்தில், அலையாத்தி மரங்களின் வேரடிச் சேற்றில், மட்டிச் சிப்பிகள் கூட்டமாக வாழ்ந்தன. தண்ணீர் எப்போதும் கலங்கலாகவே இருக்கும். எதிரில் யார் வந்தாலும் தெரியாது.

கொஞ்ச நாட்களாக, கடல்நீர் ஏறி வரும்போதெல்லாம் ஒரு சத்தம் வந்தது. கடக்... மொறுக்! ஒவ்வொரு முறையும் ஒரு மட்டி குறைந்தது.

"பயப்படாதீர்கள்! நான் காவல் இருக்கிறேன்!" என்றது பரப்பன் என்ற திருக்கை மீன். "சத்தம் கேட்டதும் ஓடுகளை இறுக மூடிக்கொண்டு, இருந்த இடத்திலேயே இருங்கள்!"

மட்டிகளும் அப்படியே செய்தன. மூடிக்கொண்டால் ஒன்றும் கேட்காது. அதுவே ஒரு நிம்மதி.

செவ்வரி என்ற சின்ன மட்டி மட்டும் மூடவில்லை. கடைசியாகக் காணாமல் போனது அதன் அக்கா. மயிரிழை அளவு திறந்து வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தது.

கடக்... மொறுக்! "யாரும் அசையாதீர்கள்!" என்றது பரப்பன். கடக்... மொறுக்!

செவ்வரிக்குச் சுருக்கென்றது. பரப்பன் பேசும்போது மட்டும் சத்தம் நின்றுவிடுகிறதே!

ஏறிய கடல்நீர் வடிந்ததும், பக்கத்து மட்டிப் பெரியம்மாவிடம் அதைச் சொன்னது.

"சும்மா இருடி! அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டால்?"

"போகட்டுமே! நாளைக்கு ஒரே ஒரு தடவை எல்லோரும் திறந்து வைத்துக் கேளுங்கள், பெரியம்மா. நான் சொன்னது பொய்யென்றால், என்னையே முதலில் தின்னட்டும்!"

மறுநாள் கடல் ஏறியது.

"பரப்பன் அண்ணே! நீங்கள் சுறாவை விரட்டிய கதையைச் சொல்லுங்களேன்!" என்றது செவ்வரி.

பரப்பனுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அளந்து தள்ளியது. பேசிக்கொண்டிருந்த வரை ஒரு மொறுக்கும் இல்லை. பிறகு பசி வயிற்றைக் கிள்ளியது. கதை பாதியில் நின்றது.

கடக்... மொறுக்!

"வாயில் என்ன அண்ணே?"

"ம்... கூழாங்கல்!"

இந்த முறை எல்லா மட்டிகளும் கேட்டன. செவ்வரி தன் ஓடுகளைப் படபடவென்று தட்டியது. "கிழக்கே இருக்கிறான்! வேருக்கடியில் இறங்குங்கள்!"

பரப்பன் அந்தப் பக்கம் பாய்ந்தது. "நிறுத்தடி, பொடியே! இந்தக் கலங்கலில் உன்னால் என்னைப் பார்க்கக்கூட முடியாது!"

"பார்ப்பானேன்? நீ மெல்லுவதுதான் ஊருக்கே கேட்கிறதே!"

தலைக்கு மேல் சேறு கிளம்பியது. செவ்வரி தட்டுவதை நிறுத்தவில்லை. எல்லோரும் இறங்கியாயிற்று என்று பெரியம்மா அடியிலிருந்து பதிலுக்குத் தட்டிய பிறகுதான், அதுவும் சேற்றைத் துளைத்து இறங்கியது. பரப்பனின் பற்களில் சிக்கியது அலையாத்தி வேர்!

அன்றுமுதல் மட்டிகள் காதைத் திறந்தே வைத்திருந்தன. பரப்பனின் துடுப்பு சேற்றில் உரசினாலே, முதலில் கேட்ட மட்டி ஓட்டைத் தட்டும். மற்றவை வேருக்கடியில் இறங்கிவிடும். மூன்றாம் நாள் பரப்பன் காலி வயிற்றோடு கடலுக்குத் திரும்பியது.

"காவல் இல்லாமல் என்ன செய்வீர்களாம்?" என்று கத்தியது.

"கேட்டுக்கொண்டிருப்போம்!" என்றது செவ்வரி.

பயந்து காதைப் பொத்திக்கொண்டால் பகைவனுக்குத்தான் வசதி; துணிந்து கேட்டு, கேட்டதை உரக்கச் சொல்வதே நமக்குக் காவல்.