முசுகுந்தன் கேட்ட வரம்

"மோட்சம் தவிர எதை வேண்டுமானாலும் கேள் என்றார்கள் தேவர்கள். போயும் போயும் தூக்கத்தையா கேட்பான் ஒரு ராஜா?"

கேட்டவர் வில்லவரையர். தலை நரைக்கும்வரை படைத்தலைவராக இருந்தவர். இனி ஓய்வெடுக்கலாம் என்று அரசர் அனுப்பிவைத்ததும், மலைக்குகையில் தவமிருந்த பூரணி அம்மையிடம் சீடராக வந்து சேர்ந்திருந்தார். அம்மைக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும்.

"கதையை முழுசாகச் சொல்லும்" என்றாள் அம்மை.

"அசுரர் தொல்லை தாங்காமல் தேவர்கள் முசுகுந்தனைக் காவலுக்குக் கூப்பிட்டார்கள். போனான். யுகக்கணக்கில் போரிட்டான். முருகன் படைத்தலைமை ஏற்றதும், நீ போகலாம் என்றார்கள். அதற்குள் பூமியில் அவன் மனைவி, மக்கள் எல்லோரும் மாண்டுபோயிருந்தார்கள். வரம் கேள் என்றால், தூங்க வேண்டும் என்கிறான். எழுப்புகிறவன் சாம்பலாவான் என்று தேவர்களும் கொடுத்துவிட்டார்கள். இது ஒரு வரமா, தாயே?"

"நீர் கடைசியாக எப்போது தூங்கினீர்?"

"நேற்று."

அம்மை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன்" என்றார் வில்லவரையர்.

அம்மை எழுந்து குகைக்குள் பாயை விரித்தாள்.

"படும்."

"பட்டப்பகலிலா? யாராவது வந்தால்?"

"நான் இருக்கிறேன்."

"புலி நடமாடும் காடு, தாயே. நீங்கள் படுங்கள். நான் வாசலில் இருக்கிறேன்."

"நீர் தூங்க, யாராவது வாசலில் இருந்திருக்கிறார்களா?"

வில்லவரையர் யோசித்தார். எத்தனையோ பாசறைகள், எத்தனையோ கூடாரங்கள். எல்லா இடத்திலும் மற்றவர்கள் விட்ட குறட்டைதான் நினைவுக்கு வந்தது.

அம்மை உலக்கையை எடுத்துக்கொண்டுபோய் வாசலுக்குக் குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்தாள். அவர் பக்கம் திரும்பவே இல்லை.

வேறு வழியில்லாமல் படுத்தார். பாறையின் குளிர்ச்சி பாயைத் தாண்டி முதுகில் ஏறியது. இமை கனத்தது.

குளம்பொலி கேட்டது. அரண்மனைக் குதிரை என்று காது சொன்னது.

"எல்லையில் பகைவர் புகுந்துவிட்டார்கள். வில்லவரையரை அரசர் உடனே அழைக்கிறார்." மூச்சு வாங்கப் பேசினான் வந்தவன்.

"புதிய படைத்தலைவர் இல்லையா?" இது அம்மையின் குரல்.

"இருக்கிறார். ஆனாலும்..."

"அவர் என்ன செய்கிறார்?"

"படை திரட்டுகிறார்."

"திரட்டட்டும்."

"அம்மா, இது அரச கட்டளை. பெரியவர் உள்ளேதானே இருக்கிறார்?"

"தூங்குகிறார்."

"எழுப்புங்கள்."

"மாட்டேன்."

வெளியே குதிரை கால் மாற்றி நின்றது.

எழுந்துவிட வேண்டும் என்று நினைத்தார் வில்லவரையர். ஒரு கையைத் தரையில் ஊன்றவும் செய்தார்.

பிறகு சுவர்ப்பக்கமாகப் புரண்டு படுத்தார்.