கேட்டில் தொங்கிய முகம்

செங்கல் சூளையில் கல் அறுக்கும் சடையாண்டியின் மகள் கோகிலவாணி, பிளஸ் டூவில் அறுநூற்றுக்கு ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்று வாங்கியிருந்தாள். விண்ணப்பத்தோடு அவள் கொடுத்த போட்டோவைப் பெரிதாக்கி, ‘எங்கள் மாணவி’ என்று கேட்டில் பிளக்ஸ் கட்டிவிட்டது அந்தத் தனியார் கல்லூரி. ஃபீஸுக்குத் தவணை கேட்டுப் போனவளிடம் தாளாளர், “முழுசா கட்டாம இந்த கேட்டைத் தாண்டக்கூடாது” என்றார்.

“சரிங்க சார்” என்று வெளியே வந்தவள், பிளக்ஸுக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டாள். அட்மிஷனுக்கு வந்த பெற்றோர்கள் மேலேயும் கீழேயும் பார்த்துவிட்டு, “இங்கேதான் படிக்கிறியாம்மா?” என்று கேட்டார்கள்.

“போட்டோவுக்கு இடம் கிடைச்சிருச்சுங்க. எனக்குத்தான் இன்னும் கிடைக்கலை.”

மத்தியானத்துக்குள் ஏழு கார்கள் வந்த வழியே திரும்பின. தாளாளரே வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

“உள்ளே வாம்மா. உன்னால எவ்வளவு கட்ட முடியும்?”

“போட்டோகிட்ட எவ்வளவு வாங்கினீங்களோ, அதையே நானும் கட்டிடறேன் சார்.”