லிஃப்ட் பக்கம் அரை மணி நேரம்

இது ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் நடந்த கதை. முழுவதையும் கேட்டுவிட்டு நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

மகிழினிக்கு ஐந்து வயது, ரத்தப் புற்றுநோய். சிகிச்சையின் வேகத்தில் நோயை எதிர்க்கும் அணுக்கள் ஏறக்குறைய தீர்ந்துபோயிருந்தன. மற்றக் குழந்தைகளுக்கு ஒரு வாரத்தில் வந்து போகும் சின்னம்மை, இவளைப் போன்றவர்களுக்கு நுரையீரல்வரை இறங்கிவிடும். அதனால் அந்த வார்டில் வெளிக் குழந்தைகளுக்கு அனுமதி இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மகிழினியின் அத்தை பவானி, காவலாளி அசந்த நேரம் பார்த்துத் தன் மகள் தர்ஷினியை உள்ளே கூட்டி வந்துவிட்டாள். இரண்டு குழந்தைகளும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து படம் வரைந்தார்கள். டாக்டர் வருகிறார் என்றதும் பவானி மகளை வெளியே இழுத்துப்போய் லிஃப்ட் பக்கம் அரை மணி நேரம் நின்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை, மகிழினியின் தாய் சுகந்திக்குப் பவானியிடமிருந்து போன்.

“அண்ணி, தர்ஷினிக்கு அம்மா வந்து இறங்கியிருக்கா, உடம்பெல்லாம் கொப்புளம். யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு மாமியார் சொல்லிட்டாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல. ஆனா நான் கூட்டிட்டு வந்தது அண்ணனுக்குத் தெரிய வேண்டாம். என் முகத்துலயே முழிக்க மாட்டாரு.”

சொல்வதில்லை என்று சுகந்தி சத்தியம் செய்தாள். போனை வைத்தவள் மகளின் கட்டிலைப் பார்த்தாள். மறுநிமிடம் நர்ஸ் எமல்டாவின் முன்னால் நின்றாள்.

“சிஸ்டர், எல்லாத்தையும் சொல்லிடறேன். யாரு வீட்டுப் புள்ளன்னு மட்டும் வெளிய வரக் கூடாது.”

எமல்டா வாக்குக் கொடுத்தாள். டாக்டருக்குச் சொல்லி, அம்மை வராமல் காக்கும் ஊசிக்கு ஏற்பாடு செய்தாள். மருந்து கொஞ்சம்தான் இருந்தது. அம்மை கண்ட குழந்தைக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் போட முடிவாயிற்று. கட்டில் கட்டிலாக விசாரித்தாள். கடைசிக் கட்டிலில் ஆறு வயது ஆதில்; பக்கத்தில் அவன் தாய் ஷமீமா.

“அம்மை கண்ட புள்ள ஒண்ணு ஞாயித்துக்கிழமை மதியம் வார்டுக்கு வந்திருக்கு. அப்ப நீங்க இங்க இருந்தீங்களாம்மா?”

“இல்ல சிஸ்டர். இவனுக்குக் கீழ ரத்தம் ஏத்திட்டு இருந்தாங்க. ஏன், யாரு புள்ளைக்கு அம்மை?”

“அதைக் கேக்காதீங்க.”

மகிழினிக்கும் இன்னும் மூன்று குழந்தைகளுக்கும் ஊசி போட்டார்கள். ஆதிலுக்குப் போடவில்லை.

பதினைந்தாம் நாள் ஆதிலுக்குக் காய்ச்சல். சாயங்காலத்துக்குள் வயிறெல்லாம் கொப்புளம். மறுநாள் மூச்சு வாங்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆக்சிஜன் வைத்து, நரம்பில் மருந்து ஏற்றினார்கள். புற்றுநோய்க்கான சிகிச்சையை நிறுத்த வேண்டியதாயிற்று.

அந்தப் பிரிவின் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த ஷமீமாவின் முன்னால் சுகந்தி போய் நின்றாள்.

“அக்கா, அது என் நாத்தனார் புள்ளதான். மஞ்சக் கவுன் போட்டுட்டு வந்துச்சு.”

ஷமீமா நிமிர்ந்தாள். “லிஃப்ட்கிட்ட பலூன் வச்சிருந்துச்சே, அதுவா? நாங்க ரத்தம் ஏத்திட்டு மேல வந்தப்ப இவனும் அதுகூடத்தான் ஊதி ஊதி விளையாடிட்டு இருந்தான். அன்னைக்கே சொல்லியிருந்தா நானே ஊசி கேட்டு வாங்கியிருப்பேனே!”

ஒன்பது நாள் கழித்து ஆதிலுக்கு ஆக்சிஜனை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டான். சுகந்தி நீட்டிய காப்பியை ஷமீமா வாங்கவில்லை.

குழந்தையைத் திருட்டுத்தனமாக அழைத்து வந்தாலும், மாமியார் பேச்சை மீறிப் போன் செய்தவள் பவானி. சத்தியத்தை மீறி நர்ஸிடம் சொன்னவள் சுகந்தி. கொடுத்த வாக்கைக் கடைசிவரை காத்தவள் எமல்டா. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: சுகந்தி செய்ததே சரி. மகளுக்காகவும் வார்டுக்காகவும் சத்தியத்தை மீறினாள். பெயரை மறைக்கக் கேட்டது அவள் பயம், அதில் குற்றமில்லை. பவானி தானும் மகளும் எங்கெங்கே நின்றோம் என்பதைச் சொல்லவில்லை. எமல்டாவோ வாக்கைத் தேவைக்கு மேல் காத்தாள். அவளிடம் மறைக்கக் கேட்டது பெயரை மட்டுமே. “மஞ்சள் கவுன் போட்ட ஒரு பெண் குழந்தையை எங்கேயாவது பார்த்தீர்களா?” என்று கேட்டிருந்தால் வாக்கும் நின்றிருக்கும், ஆதிலுக்கும் ஊசி கிடைத்திருக்கும். இதை எமல்டாவே பிறகு ஷமீமாவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். ஷமீமா, “அவன் முழுசா தேறி வரட்டும் சிஸ்டர், அப்புறம் பேசலாம்” என்றாள்.