மண் பூசிய பெட்டி

"தம்பி, நான் என்ன குறை வச்சேன்? ஏன் எல்லாம் என்னை விட்டு ஓடிப்போகுது?"

ஆடி மழையில் தொப்பலாக நனைந்து வாசலில் நின்றபடி கேட்டாள் தங்கபாய்.

மலையில் ரப்பர் தோட்டங்கள் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் இருந்தது ஏசுவடியானின் வீடு. அவன் முன்பு ரப்பர் பால் வெட்டியவன். முப்பத்தைந்து வயதுதான். ஆனாலும் தேனீயைப் பற்றிச் சந்தேகம் வந்தால் அடிவாரத்து ஜனங்கள் அவனைத்தான் தேடிப்போவார்கள். ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள்.

தங்கபாய் அவனைவிட இருபத்தைந்து வயது மூத்தவள். ஆசான் என்று அவளுக்கு வாயில் வரவில்லை. தம்பி என்றாள். கற்றுக்கொள்ளத்தான் வந்திருந்தாள்.

குழந்தைகள் வார்டில் இருபத்தாறு வருஷம் நர்ஸாக வேலை பார்த்தவள். ஓய்வுபெற்றதும் தேனீப் பெட்டிகள் வாங்கினாள். பதினொன்றில் இப்போது இரண்டில்தான் தேனீ இருந்தது. மற்றப் பெட்டிகளை விட்டு ஒவ்வொரு கூட்டமாகப் பறந்துபோய்விட்டன.

"என்னெல்லாம் செய்யுதிய, அக்கா?"

அவள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள்.

தினமும் காலையில் பெட்டியைத் திறந்து, தேனடைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து எழுதியிருந்தாள். ராணி இருக்கிறதா, முட்டை இருக்கிறதா, சர்க்கரைப் பாகு எவ்வளவு குடித்தது, பாகில் எந்த மருந்து கலந்தது. ஒரு நாள்கூட விடுபடவில்லை.

ஏசுவடியான் கடைசிப் பக்கம்வரை பொறுமையாகப் புரட்டினான்.

"காய்ச்சல்கார புள்ள வார்டுல நல்லா தூங்குது. எத்தனை தடவை போர்வையை உருவிப் பாப்பிய?"

"தூங்குற புள்ளைய யாராவது எழுப்புவாங்களா?"

அவன் நோட்டைத் திருப்பிக் கொடுத்தான்.

மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது. தங்கபாய் திண்ணையில் உட்கார்ந்து, அந்த நோட்டைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

*

மறுநாள் அவன் அவள் வீட்டுக்கு வந்தான்.

"சித்திரையில எடுத்த தேன் மிச்சம் இருக்கா?"

"ரெண்டு குப்பி இருக்கு. கிறிஸ்துமஸுக்கு மகன் வருவான். அவனுக்குன்னு வச்சிருக்கேன்."

"இந்த மழையில பூ கிடையாது. அதுகளுக்குப் பசி."

"அதுக்குத்தானே சர்க்கரை கொடுக்கேன்?"

அவன் காலிப் பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தான். அவள் உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு குப்பியையும் கொண்டுவந்தாள்.

தேங்காய்ச் சிரட்டையில் தேனை ஊற்றி, தேனீ கால் வைத்து நிற்கச் சிறு குச்சிகளைப் போட்டு, பெட்டிக்கு ஒன்றாக உள்ளே வைத்தான். மூடியைப் பொருத்தினான். செம்மண்ணும் சாணமும் குழைத்து, மூடியைச் சுற்றி இடுக்குத் தெரியாமல் பூசினான்.

"இனி எப்ப திறக்கணும்?"

"உள்ள இடம் பத்தாம வரும்போது."

"திறக்காம அது எப்படித் தெரியும்?"

பெட்டியின் அடியில் விரல் கனத்துக்கு ஒரு துவாரம் இருந்தது. அவன் அதைக் காட்டினான்.

"வாசல் இருக்குல்லா."

*

கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதுதான் அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது.

முதல் வாரம் அவள் கண்ணுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. தேனீக்கள் வந்தன, போயின. இரண்டு தடவை கத்தியை எடுத்துக்கொண்டு மண்ணைப் பெயர்க்கப் போனாள். வெட்கப்பட்டுத் திரும்பினாள்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. வானம் கறுப்பதற்கு முன்பே அவை வீடு திரும்பின. வெயில் ஏறினால் வாசலில் வரிசையாக நின்று சிறகால் விசிறின. பெட்டியில் காதை வைத்தால், அரிசி கொதிப்பது போன்ற ஒரு சத்தம் கேட்டது.

புரட்டாசியில் ஒரு நாள் காலையில் வாசலுக்குக் கீழே வெள்ளையாகக் கிடந்தது. குனிந்து பார்த்தாள். தேனீயாகும் முன்பே செத்த புழுக்கள். தண்ணீர் கோத்த பை மாதிரி உப்பியிருந்தன. இரண்டு பெட்டிக்குக் கீழேயும் கிடந்தன.

செருப்புகூடப் போடாமல் மலையேறினாள்.

ஏசுவடியான் பின்பக்கத்தில் ஒரு பெட்டியின் அருகே தரையில் உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் ஏழெட்டுப் பெட்டிகள். எதிலும் சத்தமில்லை. வாசல்களில் எறும்பு சாரை சாரையாக ஏறிக்கொண்டிருந்தது.

அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துபோயிற்று.

"எல்லாமா, தம்பி?"

"இது ஒண்ணு மட்டும் இருக்கு. நாளைக்கு இதுவும் இருக்காது."

"மருந்து?"

"இந்த நோய்க்குக் கிடையாது, அக்கா."

"அப்போ இங்க உக்காந்து என்ன செய்யுதிய?"

"கூட இருக்கேன்."

அப்படி எத்தனையோ கட்டில்களுக்குப் பக்கத்தில் அவளும் இருந்திருக்கிறாள். அவனருகே தரையில் உட்கார்ந்தாள். பொழுது சாயும்வரை இருந்தாள்.

*

அவளுடைய இரண்டு பெட்டிகளில் ஒன்றும் அந்த வாரமே அடங்கிப்போனது.

மற்றதன் முன்னால் அவள் காலையும் மாலையும் உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து வேலைக்காரத் தேனீக்கள் புழுக்களை இழுத்து வந்தன. தங்களைவிடக் கனமானதைக் கவ்விக்கொண்டு பறந்து, வேலிக்கு அப்பால் போட்டுவிட்டுத் திரும்பின. சில புழுக்கள் சாகக்கூட இல்லை. இன்னும் நெளிந்துகொண்டிருந்தன.

"உயிரோட இருக்கதையும் தூக்கிப் போடுதே!" என்று ஏசுவடியானிடம் போய்ச் சொன்னாள்.

"பக்கத்துல இருக்க புள்ளைக்கு நோய் ஒட்டாம இருக்கத்தான்."

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளும் அங்கேயே போய் உட்கார்ந்தாள்.

ஐப்பசி பிறந்தது. தரையில் கிடக்கும் புழுக்கள் குறைந்தன. பத்து கிடந்த இடத்தில் மூன்று. பிறகு ஒன்று. ஒரு நாள் காலையில் தரை சுத்தமாக இருந்தது. அதை அவள் நம்பவில்லை. மண்டியிட்டுக் கையால் தடவிப் பார்த்தாள்.

தலைக்கு மேலாக ஒரு தேனீ வந்து வாசலில் இறங்கியது. அதன் பின்னங்கால்களில் மஞ்சள் மகரந்தம் உருண்டையாக ஒட்டியிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

ஏசுவடியான் வந்து பார்த்தான். பெட்டியில் காதை வைத்தான். அவன் எழுந்திருக்க நேரமாயிற்று.

"ஆசானுக்கு என்ன தோணுது?" என்று கேட்டாள். அன்றுதான் முதல் தடவையாக அப்படிக் கூப்பிட்டாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியல்ல, அக்கா. நான் பாத்ததிலே இது ஒண்ணுதான் பிழைச்சிருக்கு."

*

தை மாதம். ரப்பர் மரங்கள் புதிதாய்த் தளிர்த்திருந்தன.

ஒரு நாள் முற்பகலில் பெட்டியிலிருந்து தேனீக்கள் கொட்டின. வாசல் போதாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெளியே வழிந்தன. முற்றம் முழுக்க ஒரே இரைச்சல்.

இதுவும் போகிறது என்று தங்கபாய் நினைத்தாள்.

ஓடிப்போய்ப் பெட்டியில் காதை வைத்தாள். உள்ளே சத்தம் இருந்தது. நன்றாகவே இருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். கொய்யா மரக் கிளையில் தேனீக்களில் மறுபாதி ஒரு குடம் கனத்துக்குத் திரண்டு தொங்கிக்கொண்டிருந்தது. குடும்பம் பெருகிப் பிரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

மலைக்குப் போய் அவனை அழைத்தாள்.

"உங்க பெட்டி ஒண்ணை எடுத்துக்கிட்டு வாங்க, தம்பி. இது உங்களுக்கு."

அவன் புதிதாகப் பலாப் பலகையில் அடித்த பெட்டியைத் தலையில் சுமந்து வந்தான். உள்ளே மெழுகு தடவியிருந்தான். நாலு மாதமாக அவன் வீட்டில் ஒரு தேனீ கிடையாது.

பெட்டியை மரத்தடிக்குக் கொண்டுபோனான். கிளையை எட்டிப் பிடித்தான்.

"ஒரு உலுக்கு உலுக்கினா உள்ள விழுந்திரும்."

"தம்பி."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"அத்தனை சாவையும் தாண்டி வந்தது. வீட்டையும் அதுவே தேடிக்கிடட்டும்."

கிளையைப் பிடித்த கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு விட்டான்.

பெட்டியைத் தோட்டத்தின் மறுகோடியில், நிழலில் வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் இரண்டு மூன்று தேனீக்கள் வந்து பெட்டியைச் சுற்றின. உள்ளே போய், மூலை மூலையாக நடந்து பார்த்துவிட்டு வெளியே வந்தன. கிளைக்குப் போயின. வேறு சில காட்டுப்பக்கம் பறந்தன.

மறுநாள் விடிந்ததும் ஏசுவடியான் வந்துவிட்டான். சாப்பிடக் கூப்பிட்டாள். வேண்டாம் என்றான்.

உச்சிவேளைக்குக் கிளையில் தொங்கிய திரள் தளர்ந்தது. ஒரே மூச்சில் மேலே கிளம்பியது. வானத்தில் ஒரு சுற்று சுற்றி, ஓட்டுக்கூரையைத் தாண்டியது. காட்டுப்பக்கம் சாய்ந்தது.

அவன் எழுந்துவிட்டான்.

"அக்கா, வரல்லைன்னா?"

தங்கபாய் வானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் முகம் மலர்ந்திருந்தது.

"வேற எங்கயாவது உயிரோட இருக்கும்லா?"

இரைச்சல் தோட்டத்துக்கே திரும்பியது. பலாப் பலகைப் பெட்டி முழுக்கத் தேனீக்கள் மொய்த்து, ஒவ்வொன்றாக உள்ளே நடக்கத் தொடங்கின.