இரண்டாவது விசிலும் ஏழு நாற்பதும்

விர்ர், விர்ர். வாய்க்கால் கரையில் வந்துகொண்டிருந்த சுகந்தியின் காதில் முதலில் விழுந்தது அந்த விசில்தான். ஒன்று என்றால் நில். இரண்டு என்றால் கிளம்பு. பஸ் இன்னும் கண்ணில்கூடப் படவில்லை. ஓட்டம் பிடித்தாள்.

ஒன்பது மணிக்கு டவுன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்கு நேர்முகத் தேர்வு. அடுத்த பஸ் எட்டே முக்காலுக்கு. "பைக்ல கொண்டுபோய் விடவா?" என்ற புருஷனிடம், "ஏழு நாற்பது பஸ் இருக்கையில பெட்ரோல் எதுக்கு?" என்று வீறாப்பாய்ச் சொல்லிவிட்டு வந்தவள்.

சுகந்தியின் ஊரான கருவேலங்குளத்திலிருந்துதான் பஸ் கிளம்பும். தினமும் வருகிறவர்கள் ஏறியாயிற்று. கண்டக்டர் தவமணி தலைகளை எண்ணினார். "நம்ம ஆளுக அம்புட்டும் வந்தாச்சு, போலாம் அண்ணாச்சி!" என்று விசிலடித்திருந்தார்.

வண்டி உருண்டது. கண்ணாடியில் ஓடிவரும் சேலையைக் கண்ட டிரைவர் குருநாதன், விசில் இல்லாமலே பிரேக் போட்டார்.

"நான் விசில் கொடுத்தனா அண்ணாச்சி? ஒருத்திக்காக முப்பத்தெட்டுப் பேரு காத்துக் கெடக்கணுமா?"

"பாவம்யா, வந்துரட்டும்."

"இப்படி நின்னு நின்னு போனா நாளைக்கு நான் ஸ்கூட்டர்லயே போயிருவேன்!" தாலுகா ஆபீஸ் அந்தோணிசாமி வாட்சைப் பார்க்காமலே தட்டினார்.

"ஓடியா தாயி! ஓட்டப் பந்தயத்துக்கு உன்னத்தான் அனுப்பணும்!" என்று பூக்காரம்மா ஜன்னலில் கைதட்டினாள்.

சுகந்தி படியில் தொற்றி ஏறினாள். "ரொம்ப நன்றிண்ணே" என்று டிரைவரைக் கும்பிட்டாள். தவமணி முகத்தைத் திருப்பிக்கொண்டு விசிலடித்தார். பஸ் பாலத்தில் ஏறும்போது நூல் மில் சங்கு ஊதியது. தினமும் ஏழு நாற்பதுக்கு நொடி பிசகாமல் ஊதுகிற சங்கு.

இப்போது சொல்லுங்கள். உள்ளே இருப்பவர்களுக்காகக் கிளம்பச் சொன்ன தவமணியா, இரக்கப்பட்டு நின்ற குருநாதனா, நேரத்துக்காக வாதாடிய அந்தோணிசாமியா, இதில் யார் செய்தது சரி? சுகந்தி சொன்ன நன்றி யாருக்குச் சேரும்?

விடை: ஒருவருக்கும் சேராது. ஏழு நாற்பதுக்குச் சங்கு ஊதியபோதே பஸ் ஊரைத் தாண்டிப் பாலத்தில். ஆகவே பஸ்தான் முந்தியது, அவள் பிந்தவில்லை. குருநாதன் இரக்கம் என்று நினைத்துச் செய்தது அவருடைய கடமை. பஸ் நிறுத்தத்துப் பலகையில் எழுதிய நேரம், முகம் தெரியாத ஒருத்திக்கும் கொடுத்த வாக்கு. தவமணி ஏறியவர்களை எண்ணினார்; வரப்போகிறவளை எண்ணவில்லை.

சங்குச் சத்தத்தில், டிக்கெட் கட்டைப் புரட்டிய தவமணியின் கை ஒரு கணம் நின்றது. "அண்ணாச்சி, நாளையிலேருந்து சங்கு ஊதட்டும், பெறவு நான் ஊதுறேன்" என்றார். பிறகு சுகந்தியிடம் வந்து, அவள் கையிலிருந்த நர்ஸ் சான்றிதழைப் பார்த்து, "ஆஸ்பத்திரியா தாயி?" என்று கேட்டு டிக்கெட்டைக் கிழித்தார்.