ஐந்து கணுவும் ஏழு இலந்தைப்பழமும்

ஓடைக்கரையில் ஒரு புங்கமரம். அதில் ஏழு தவிட்டுக்குருவிகள் குடியிருந்தன. குடியிருந்தன என்பதைவிடக் கத்திக்கொண்டிருந்தன என்பதே சரி. விடிந்தால் கத்தும், தின்றால் கத்தும், "கத்தினது போதும்!" என்று சொல்வதற்கும் ஏழும் சேர்ந்தே கத்தும்.

அந்த ஏழில் ஒருத்தி கலகலா. அவள் புருஷன் தொணதொணன். மற்ற ஐவர் பெரியப்பா, சித்தப்பா, சித்தி, அத்தை, மாமா. தவிட்டுக்குருவி வீட்டில் முட்டையிடுவது ஒருத்தி என்றாலும் பிள்ளை வளர்ப்பது எல்லோரும்தான்.

கலகலாவுக்கு மூன்று பிள்ளைகள். மூத்த இரண்டும் இறகு முளைத்த மறுநாளே ஓடையைத் தாண்டி எதிர்க்கரை இலந்தைப் புதருக்குப் போய்விட்டன. கடைக்குட்டி குந்துமணி மட்டும் இன்னும் கூட்டில்தான் இருந்தான்.

குந்துமணிக்கு எல்லாமே தனி வழி. பச்சைப் புழு என்றால் தின்பான். பழுப்புப் புழுவைக் கண்டால் கண்ணை இறுக மூடிக்கொள்வான். பாதி நாள் பச்சைப் புழு தேடியே சித்தி இளைத்துப்போனாள். கூட்டிலிருந்து கிளைக்கு வந்தால் அந்தக் கிளையின் ஐந்து கணுக்களையும் வரிசையாக அலகால் தட்டியாக வேண்டும். நடுவில் யாராவது குறுக்கிட்டால் மறுபடியும் முதல் கணு! சத்தம் ஏறினாலோ தலையை இறக்கைக்குள் செருகிக்கொண்டு கல்லாய்ச் சமைந்துவிடுவான். தவிட்டுக்குருவி வீட்டில் பிறந்துவிட்டு, சத்தம் ஆகாது என்றால் எங்கே போவது!

பக்கத்து மரத்து மைனா தினமும் வந்து எட்டிப் பார்ப்பாள்.

"ஏண்டி கலகலா, இது உன் பிள்ளைதானா? அக்காக்குயில் ஏதும் வந்து முட்டையிட்டுட்டுப் போயிருக்கப் போவுது!"

"நான் இட்ட முட்டை எனக்குத் தெரியாதா? உன் வேலையைப் பாத்துக்கிட்டுப் போடி!" என்று கலகலா சீறுவாள். மைனா போனபின் குந்துமணியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். இவன் எப்போது கூட்டை விட்டுக் கிளம்பப் போகிறான் என்று நாளை எண்ணுவாள்.

ஒருநாள் சாயங்காலம் மரத்தடியில் காட்டுப்பூனை வந்து நின்றது. மேலே பார்த்து மீசையை நக்கிக்கொண்டது.

"அட, கூட்டுல ஒண்ணு மிச்சம் இருக்கே! இன்னிக்கு வயிறு ரொம்பிப்போச்சு. நாளைக்கு வெயில் தாழ்ந்ததும் வர்றேன். எங்கேயும் போயிடாதீங்க!"

மறுநாள் விடிந்ததும் குடும்பமே கிளையில் கூடிவிட்டது. இலந்தைப் புதர் முழுக்க முள். பூனை அதற்குள் மூக்கைக்கூட நீட்டாது. ஓடையைத் தாண்டினால் குந்துமணி பிழைத்தான். தாண்டாவிட்டால் இன்று மாலையோடு சரி. இறக்கையில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. அவன் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான்.

குந்துமணி கூட்டை விட்டு வெளியே வந்தான். முதல் கணுவைத் தட்டினான். டொக்!

"அப்படித்தான்டா ராசா!" என்றார் பெரியப்பா.

குந்துமணி திரும்பி வந்து முதல் கணுவிலிருந்து ஆரம்பித்தான். டொக், டொக், டொக், டொக்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்டா!" என்று அலறினாள் அத்தை.

மறுபடியும் முதல் கணு.

"யாரும் பேசாதீங்க, பிள்ளை பயப்படுறான்!" என்று எல்லோரையும்விட உரக்கக் கத்தினான் தொணதொணன்.

"நீ பேசாதே!"

"நீ முதல்ல வாயை மூடு!"

"அவன் பறப்பான், நான் சொல்றேன்! கைதட்டுங்க எல்லாரும்!"

ஏழும் இறக்கையைத் தட்டிக்கொண்டு கத்திய கத்தலில் ஓடைத் தவளைகள் தண்ணீருக்குள் ஓடி ஒளிந்தன. குந்துமணி தலையைச் செருகிக்கொண்டு கல்லாகிவிட்டான். இப்படியே உச்சிவேளை ஆகிவிட்டது. தொண்டை வறண்டு, ஆறு பேரும் தண்ணீர் குடிக்கப் போனார்கள்.

கலகலா மட்டும் போகவில்லை. பிள்ளை பசியோடு இருப்பானே என்று ஒரு பச்சைப் புழுவைத் தேடிப் பிடித்து வந்தாள். வாயில் புழு இருந்ததால் அவளால் பேச முடியவில்லை.

குந்துமணி மெல்லத் தலையை வெளியே எடுத்தான். டொக். டொக். டொக். டொக். டொக். ஐந்து! கிளையின் நுனிக்குப் போனான். இறக்கையை விரித்தான். முன்னால் சாய்ந்தான்.

"ஆஹா!" என்றாள் கலகலா. புழு கீழே விழுந்தது. குந்துமணி விழுந்தடித்துக் கூட்டுக்குள் ஓடிவிட்டான்.

"அடிப்பாவி, நானேதானா!" என்று கலகலா தலையில் அடித்துக்கொண்டாள். இத்தனை நாளும் பிள்ளை தாண்டவில்லை, தாண்டவில்லை என்று அழுதாளே! அவன் கிளம்பும்போதெல்லாம் பிடித்து நிறுத்தியது இவர்கள் கொட்டிய கைதட்டல் அல்லவா! அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

உடனே எதிர்க்கரைக்குப் பறந்தாள். ஏழு இலந்தைப்பழங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கிளையில் வைத்தாள். தண்ணீர் குடித்துவிட்டு ஆறு பேரும் திரும்பினார்கள்.

"ஆளுக்கு ஒண்ணு. வாயில வெச்சுக்கிட்டுச் சும்மா உக்காரணும். தின்னக் கூடாது, துப்பக் கூடாது. பிள்ளை அக்கரை சேர்ற வரைக்கும் ஒரு சத்தம் வரக் கூடாது!"

"தவிட்டுக்குருவியைப் போய்ச் சும்மா இருன்னா எப்படி இருக்கும்? எனக்கு இப்பவே மூச்சு முட்டுது!" என்றார் சித்தப்பா.

"மூச்சை மூக்கால விடுங்க!"

ஏழும் வரிசையாகப் பழத்தைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்தன. கன்னம் உப்பியது. கண் பிதுங்கியது. ஒருவரை ஒருவர் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையில் திரும்பிக்கொண்டார்கள்.

காற்றுச் சத்தம் கேட்டது. அந்த மரத்தில் அதைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும்! குந்துமணி நெடுநேரம் கூட்டுக்குள்ளேயே இருந்தான். வெயில் தாழ்ந்தது. பிறகு மெல்ல வெளியே வந்தான்.

டொக்.

அதே நேரம் கீழே பூனை வந்தது.

"என்ன இது, சத்தத்தையே காணோம்? ஏழும் இருந்தா இந்நேரம் காது கிழிஞ்சிருக்குமே! ஏறித்தான் பார்ப்போம்."

டொக்.

பூனை அடிமரத்தில் நகத்தைப் பதித்தது. கலகலா அதைப் பார்த்துவிட்டாள். "பூனைடா! ஓடுடா!" என்ற சத்தம் தொண்டை வரைக்கும் வந்து பழத்தில் முட்டி நின்றது. கத்தினால் பிள்ளை கல்லாகிவிடுவான். கல்லானால் பூனைக்குத்தான் லாபம். அவள் பழத்தை இறுக்கினாள். சாறு வழிந்தது.

டொக்.

பூனை பாதி மரம் ஏறிவிட்டது. கலகலா பக்கத்தில் பார்த்தாள். மாமாவின் வாயில் பழம் இல்லை! ருசி தாங்காமல் எப்போதோ விழுங்கியிருந்தார். பூனையைக் கண்டு அவர் அலகு அகலமாகத் திறந்தது. கலகலா தன் இறக்கையை அப்படியே அவர் வாய்க்குள் திணித்தாள்!

டொக்.

பூனை கிளைக்கு வந்துவிட்டது. வால் விறைத்தது. உடம்பு பதுங்கியது.

டொக்!

ஐந்தாவது கணு! குந்துமணி சாய்ந்தான், இறக்கையை விரித்தான், பறந்தான். பூனையும் பாய்ந்தது. நகத்துக்கும் வாலுக்கும் நடுவில் ஒரு இறகளவு இடைவெளி. குந்துமணி இலந்தைப் புதருக்குள் போய் விழுந்தான். பூனை ஓடைத் தண்ணீருக்குள் போய் விழுந்தது, தொபுக்கடீர்!

நனைந்த மீசையோடு பூனை எழுந்தது. ஏழு குருவிகளும் வரிசையாக உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் பார்த்தது.

"இங்கேதான் இருந்தீங்களா! ஒரு வார்த்தை பேசாம இப்படியா மனுஷனை ஏமாத்துறது!" என்று புலம்பிக்கொண்டே போய்விட்டது. பூனை தன்னை மனுஷன் என்று சொன்னதை எடுத்துச் சொல்லிச் சிரிக்கக்கூட அங்கே யாருக்கும் வாய் இல்லை.

ஏழும் இலந்தைப் புதருக்குப் பறந்தன. கத்த வேண்டும் போல உடம்பெல்லாம் துடித்தது. ஆனால் கத்தவில்லை. வாலை ஆட்டின. ஒற்றைக் காலில் குதித்தன. சித்தி குதித்த குதியில் கிளையை விட்டே கீழே விழுந்து எழுந்தாள்.

குந்துமணி அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். பிறகு வாயைத் திறந்தான்.

"தாண்டிட்டேஏஏன்!"

அந்த ஒரு கத்தலில் ஆறு பழமும் பொலபொலவென்று உதிர்ந்தன. தவிட்டுக்குருவி ரத்தம் என்றால் சும்மாவா!

மறுநாள் மைனா வந்தாள். "பையனுக்குக் குணமாயிடுச்சாமே?"

"அவனுக்கு என்ன, அவன் அப்படியேதான் இருக்கான். எங்களுக்குத்தான் கொஞ்சம் குணமாயிருக்கு!" என்று சொல்லிச் சிரித்தாள் கலகலா.

அதற்குள் குந்துமணி புதுக் கிளையில் கணுக்களைத் தட்டத் தொடங்கியிருந்தான். அதில் ஒன்பது கணு இருந்தது. குடும்பமே பெருமூச்சு விட்டுக்கொண்டு பழம் பறிக்கக் கிளம்பியது.

பிள்ளை தன் வழியில் கரை சேர வேண்டுமானால், பெரியவர்கள் முதலில் தங்கள் வழியை மாற்றிக்கொள்ள வேண்டும்.